‘ஒன்றுமில்லை’ என்று சொல்லி அனுப்பலாமா?

(வேங்கிக்காலில் நடந்த ஆதரவாளர் ஐக்கியக் கூட்டத்தில் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



தூரத்துச் சபைகளிலிருந்தெல்லாம் புறப்பட்டு வந்திருக்கிறீர்கள். உங்கள் ஜெபமும் காணிக்கையும் இல்லாமல் இந்த ஊழியம் ஒரு நாளும் நடவாது.

நீங்கள் அனுப்பிய பணம் என்ன ஆயிற்று என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஒரு கருவி வாங்கினால் அதை உங்களுக்குக் காட்டிவிடலாம். ஒரு கட்டடம் கட்டினால் கல்வெட்டுப் பதித்துத் திறந்து வைக்கலாம். இன்று நாங்கள் சொல்ல வந்திருப்பது அப்படிக் காட்ட முடியாத ஒரு பணியைப் பற்றி. ஒரு செவிலியர் ஒரு நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். பார்ப்பவர்களுக்கு அவர் வேறொன்றும் செய்வதாகத் தெரியாது. ஆனால் அதுதான் சிகிச்சை. அதைச் சரியாகச் செய்ய, கற்றிருக்க வேண்டும். மனநலச் செவிலியம் என்னும் துறையின் அஸ்திவாரமே அதுதான்.

பயம் வேறு, பதற்றம் வேறு

பயத்துக்கு ஒரு காரணம் கண்ணெதிரே இருக்கும். பாம்பைக் கண்டால் வருவது பயம். பதற்றம் அப்படியல்ல. இன்னதென்று சொல்லத் தெரியாத ஆபத்து ஏதோ வருகிறது என்று மனமும் உடலும் முன்கூட்டியே நடுங்குவது அது.

2024ஆம் ஆண்டு டிசம்பர் 1ஆம் தேதி, ஃபெஞ்சல் புயல் மழையில், நம் திருவண்ணாமலை மலையடிவாரத்து வ.உ.சி. நகரில் மண் சரிந்து ஒரு வீடு புதைந்தது. குழந்தைகள் உட்பட 7 பேர் உயிரிழந்தார்கள். அந்தத் துக்கம் இந்த ஊர் அறிந்தது. அதற்குப் பின் கனமழை இரவில் மலையடிவாரத்தில் உள்ளவர்கள் தூங்காமல் விழித்திருந்தால் அது பயம், நியாயமான பயம். மழையே இல்லாத மாதத்தில், கூரைமேல் பூனை நடந்தாலும் ஒருவருக்கு நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, வேலைக்குப் போக முடியாமல், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப முடியாமல் மாதக்கணக்கில் போகுமானால் அது பதற்றம். அதற்கு உதவி தேவை.

பதற்றம் முழுவதும் தீமையல்ல என்பதையும் சொல்லவேண்டும். பரீட்சைக்கு முன் பிள்ளைக்குச் சற்றுப் பதற்றம் இருந்தால்தான் புத்தகத்தை எடுக்கும். ஆபத்து நேரத்தில் இருதயம் வேகமாய்த் துடிப்பதும், கைகால்களுக்கு இரத்தம் பாய்வதும், ஓடவோ எதிர்த்து நிற்கவோ நம்மை ஆயத்தப்படுத்தச் சிருஷ்டிகர் வைத்த ஏற்பாடு. ஆபத்து இல்லாத இடத்திலும் அந்த மணி ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தால் அது நோய்.

இது அபூர்வமான நோயும் அல்ல. உலகத்தில் 2019ஆம் ஆண்டில் 30 கோடிக்கும் மேற்பட்டோர் பதற்ற நோய்களோடு வாழ்ந்தார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. இந்தியாவில் 2015-16இல் பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் நம் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வில், பெரியவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு ஏதோ ஒரு மனநலக் குறைபாடு இருப்பது தெரியவந்தது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் சிகிச்சை பெறாதவர்கள். அந்தக் கணக்கின்படி பார்த்தால், நம் ஆலயத்தில் ஒவ்வொரு வரிசையிலும் ஒருவர் இருக்கக்கூடும்.

‘ஒன்றுமில்லை’ என்ற சொல்

அப்படிப்பட்டவர்கள் மருத்துவமனைக்கு எப்படி வருகிறார்கள்? “எனக்குப் பதற்ற நோய்” என்று சொல்லிக்கொண்டு யாரும் வருவதில்லை. “நெஞ்சை அடைக்குது”, “தலை சுத்துது”, “கை விரலெல்லாம் மரமரன்னு இருக்குது”, “உசுரு போயிடும் போல இருக்குது” என்று இரவு பதினோரு மணிக்கு ஆட்டோவில் வருகிறார்கள். கணவர் பெங்களூரில் கட்டட வேலையில் இருப்பார். மாமியாரோ பக்கத்து வீட்டுக்காரரோ கைத்தாங்கலாய் அழைத்து வருவார்கள்.

முதலில் உடலைச் சோதிக்கத்தான் வேண்டும். மாரடைப்பு, தைராய்டு கோளாறு, இரத்தச் சோகை, சர்க்கரை குறைதல், ஆஸ்துமா, குடியை நிறுத்தியதால் வரும் நடுக்கம் ஆகிய யாவும் இதேபோலத் தோன்றலாம். அவை இல்லை என்று தெரிந்துகொள்ளாமல் “இது மனசு சம்பந்தப்பட்டது” என்று சொல்லிவிடுவது ஆபத்து.

ஈ.சி.ஜி. எடுத்தாயிற்று, இரத்தம் பார்த்தாயிற்று, யாவும் சரி. அதற்குப் பிறகு அந்தச் சகோதரி வழக்கமாய்க் கேட்கும் வார்த்தை என்ன? “உனக்கு ஒண்ணும் இல்லம்மா, வீட்டுக்குப் போ.” சொல்கிறவர்கள் ஆறுதலாகவே சொல்கிறார்கள். ஆனால் அவள் காதில் அது, “நீ நடிக்கிறாய்” என்று விழுகிறது. வீட்டிலும் அப்படியே பேசுகிறார்கள். அடுத்த வாரம் மறுபடியும் படபடப்பு. வேறொரு டாக்டர், இன்னொரு ஸ்கேன். பிறகு தாயத்து, மந்திரிப்பு. கம்மலும் அடகுக்குப் போய்விடுகிறது.

விரல் மரத்துப்போவதற்கும் தலை சுற்றுவதற்கும் காரணம் உண்டு. பதற்றத்தில் மூச்சு வேகமாகிறது. வேக மூச்சில் இரத்தத்திலுள்ள கரியமில வாயு குறைகிறது. அதனால்தான் விரலும் உதடும் மரத்து, மயக்கம் வருவதுபோல் ஆகிறது. அது நடிப்பல்ல, கற்பனையும் அல்ல. இதை அவளுக்கு விளங்கச் சொன்னாலே பாதி பாரம் இறங்குகிறது.

காவலிலிருந்து கவனிப்புக்கு

மனநோயாளிகளைக் கவனிப்பது ஒரு கலை என்று உலகம் அறிந்துகொள்ள வெகுகாலம் ஆயிற்று. சென்னையில் 1794ஆம் ஆண்டு வாலண்டைன் கனாலி என்ற சர்ஜன் நடத்திய இல்லத்தில் தொடங்கியது தமிழகத்தின் மனநல மருத்துவமனை வரலாறு. அதுவே இன்றைய கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் தொடக்கம். அக்காலத்தில் உலகெங்கும் இத்தகைய இடங்களில் நோயாளிகளோடு இருந்தவர்களின் முதல் வேலை காவல் காப்பதாகவே இருந்தது. கதவைப் பூட்டுவது, சாப்பாடு போடுவது, ஓடாமல் பார்ப்பது.

இதை மாற்றியவர்களில் முக்கியமானவர் ஹில்டகார்ட் பெப்லாவ் என்னும் அமெரிக்கச் செவிலியர். 1909இல் பிறந்தவர். சிறுமியாய் இருந்தபோது 1918ஆம் ஆண்டுக் கொள்ளைக் காய்ச்சல் குடும்பங்களை என்ன செய்தது என்று கண்ணால் கண்டவர். செவிலியருக்கும் நோயாளிக்கும் இடையிலான உறவே சிகிச்சையின் கருவி என்று அவர் ஒரு நூல் எழுதினார். டாக்டர் ஒருவர் பெயர் சேராமல் ஒரு நர்ஸ் மட்டும் எழுதிய நூலை வெளியிடுவதா என்ற தயக்கத்தால் அது சில ஆண்டுகள் தாமதப்பட்டு, 1952இல்தான் அச்சாயிற்று. இன்று செவிலியர் கல்லூரிகளில் அவர் பெயரைப் படிக்காமல் மனநலச் செவிலியம் படிக்க முடியாது. 1999இல் அவர் மறைந்தார்.

அவர் போட்ட அஸ்திவாரத்தின்மேல் நம் மண்ணில் மற்றொரு கல் வைக்கப்பட்டது. இங்கிருந்து சுமார் 80 கிலோமீட்டர் தூரத்தில், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி 1957இல் பாகாயத்தில் மனநல மையத்தைத் தொடங்கியபோது, நோயாளியோடு வீட்டார் ஒருவரும் உடன் தங்கவேண்டும் என்ற முறையைக் கைக்கொண்டது. பஞ்சாபில் அமிர்தசரஸிலும் டாக்டர் வித்யாசாகர் என்பவர் 1950களில் மருத்துவமனை வளாகத்திலேயே கூடாரம் அடித்து, குடும்பத்தாரைத் தங்கவைத்தார். மேல்நாடுகளில் நோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரித்து வைப்பதே வழக்கமாயிருந்த காலம் அது. நம் நாட்டிலோ அண்ணனும் அத்தையும் வார்டிலேயே இருந்து, நோய் இன்னது, மாத்திரை ஏன், எப்படிப் பேசவேண்டும் என்று செவிலியரிடம் கற்றுக்கொண்டு வீடு திரும்பினார்கள்.

இது நடவாமல் போனால் என்ன ஆகும் என்பதையும் நாம் கண்டோம். 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் தேதி, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தப்ப முடியாமல் மாண்டார்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியால் கட்டுவதைத் தடைசெய்திருக்கிறது. சங்கிலியை அகற்றச் சட்டம் போதும். அந்த இடத்தில் ஒரு மனிதரை உட்காரவைக்க, பயிற்சி பெற்ற ஆட்கள் வேண்டும்.

பதற்றத்தின் நான்கு படிகள்

பெப்லாவ் பதற்றத்தை நான்கு படிகளாகப் பிரித்துக் காட்டினார். நீங்களும் இதை அறிந்திருப்பது நல்லது, வீட்டில் பயன்படும்.

முதலாவது, லேசான பதற்றம். புத்தி கூர்மையாய் இருக்கும். எதையும் கற்றுக்கொள்ளலாம். இரண்டாவது, நடுத்தரப் பதற்றம். கவனம் சுருங்கி, எதிரில் உள்ள ஒன்றையே மனம் பிடித்துக்கொள்ளும். ஆனாலும் ஒருவர் கூட இருந்து நடத்தினால் பின்தொடரும். மூன்றாவது, கடுமையான பதற்றம். சொன்னது காதில் ஏறாது; ஏறினாலும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்க முடியாது. நான்காவது, திகில். சாகப்போகிறேன், பைத்தியம் பிடிக்கப்போகிறது என்ற நடுக்கம் ஆளையே விழுங்கிவிடும்.

முதல் இரண்டு படிகளில் இருப்பவரோடு பேசலாம், யோசனை சொல்லலாம். மூன்றாம் நான்காம் படிகளில் இருப்பவருக்குப் புத்திமதி சொல்வது வீண். நாமோ வழக்கமாய் அந்த நேரத்தில்தான் நாலு பேர் சூழ்ந்து நின்று, “தைரியமா இரு”, “பிள்ளைங்கள நெனச்சுப் பாரு” என்று ஆளுக்கொன்று சொல்கிறோம்.

எங்கள் செவிலியர் என்ன செய்கிறார்? கூட்டத்தை விலக்குகிறார். சத்தம் குறைந்த இடத்துக்கு அழைத்துப்போகிறார். எதிரில் நிற்காமல் பக்கத்தில் உட்காருகிறார்.

“சிஸ்டர், நான் செத்துப் போயிடுவேனா?”

“அம்மா, உங்க இருதயத்தைப் பார்த்தாச்சு, நல்லா இருக்குது. இப்ப வர்றது கஷ்டமாத்தான் இருக்கும். கொஞ்ச நேரத்துல தணியும். அதுவரைக்கும் நான் இங்கேயே இருக்கேன். என்கூட மெதுவா மூச்சு விடுங்க.”

சின்னச் சின்ன வாக்கியம். ஒரே குரல். திகில் பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்கு ஏறி, பிறகு தானாக இறங்கும். அந்த நேரம் முழுவதும் ஒருவர் விட்டுப்போகாமல் இருந்தார் என்பதே நோயாளிக்கு மருந்து.

இதில் இன்னொரு இரகசியமும் உண்டு. பதற்றம் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றும். பக்கத்தில் இருப்பவர் பதறினால் நோயாளி இன்னும் பதறுவார். ஆகையால் மனநலச் செவிலியர் முதலாவது தன் பதற்றத்தை அடையாளம் கண்டு அடக்கக் கற்கவேண்டும். அடக்கின அந்த அமைதியும் நோயாளிக்குத் தொற்றும்.

அன்று இரவோடு வேலை முடிவதில்லை. மறுபடி வரச்சொல்லி, எப்போது வருகிறது, அதற்கு முன் என்ன நடந்தது என்று நிதானமாய்க் கேட்கிறார்கள். தேவைப்பட்டவர்களுக்கு மனநல மருத்துவர் மாத்திரை தருகிறார். அது வேலைசெய்யச் சில வாரங்கள் ஆகும் என்பதை முன்னமே சொல்லிவிடவேண்டும்; இல்லாவிட்டால் நாலாம் நாள் நிறுத்திவிடுவார்கள். மருந்துக் கடையில் தாங்களாகவே தூக்க மாத்திரை வாங்கிப் பழகினவர்களுக்கு, அது அடிமைப்படுத்தும் என்பதையும், திடீரென்று நிறுத்தாமல் மருத்துவர் சொற்படி படிப்படியாய்க் குறைக்கவேண்டும் என்பதையும் விளக்குகிறார்கள்.

இது விசுவாசக் குறைவா?

அன்பானவர்களே, போதகர் என்ற முறையில் இதைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். பதற்ற நோயுள்ள விசுவாசிகள் எங்களிடம் தாழ்ந்த குரலில் கேட்கும் கேள்வி ஒன்று: “ஐயா, என் விசுவாசம் குறைஞ்சு போச்சா?” கவலைப்படாதே என்ற போதனையை எடுத்து, நோயாளியின் தலையில் இன்னொரு பாரமாக ஏற்றுகிறவர்கள் சபைகளில் உண்டு. மாத்திரையை நிறுத்திவிட்டு ஜெபி என்று சொல்கிறவர்களும் உண்டு. சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவரை நாம் அப்படிக் கேட்பதில்லை.

எலியா தீர்க்கதரிசியை நினைத்துப்பாருங்கள். கர்மேல் மலையில் நானூற்றைம்பது பேர் முன்பாகத் தனியாய் நின்றவர், சில நாட்களுக்குள் வனாந்தரத்தில் சூரைச்செடியின் கீழ்ப் படுத்து, சாவைக் கேட்டார். அவரிடத்தில் வந்த தூதன் கடிந்துகொள்ளவில்லை, பிரசங்கமும் செய்யவில்லை. தொட்டு எழுப்பினான். சுட்ட அடையும் தண்ணீரும் வைத்திருந்தது. சாப்பிட்டு மறுபடியும் தூங்கவிட்டு, இரண்டாந்தரமும் வந்தான். ஓரேபுக்குப் போய் ஆண்டவரின் குரலைக் கேட்டதெல்லாம் அதற்குப் பின்புதான். ஒரு நல்ல செவிலியர் செய்வதும் அந்த வரிசையில்தான். ஜெபத்தை நாங்கள் விடுவதில்லை. நோயாளி விரும்பினால் அவரோடு ஜெபிக்கிறோம். மருந்துக்கும் உறவுக்கும் பதிலாக அதை வைப்பதும் இல்லை.

நீங்கள் செய்யக்கூடியவை

உங்கள் சபையில் ஒருவர் பதறினால் “ஒன்றுமில்லை” என்று சொல்லாதீர்கள். “கூட இருக்கிறேன்” என்று சொல்லுங்கள். முதல் தடவை நெஞ்சுவலி வந்தால் தாமதியாமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். உடலில் குறையில்லை என்று தெரிந்தபின் மனநல உதவிக்கு அழைத்துச் செல்ல வெட்கப்படாதீர்கள். அரசின் டெலி-மானஸ் சேவைக்கு 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி, தமிழிலேயே, எந்நேரமும் பேசலாம். அந்த எண்ணை ஆலயத்து அறிவிப்புப் பலகையில் எழுதி வையுங்கள்.

எங்களுக்கு உங்களிடம் ஒரு விண்ணப்பம் உண்டு. கருவிகளுக்குக் கொடுக்கத் தாராளமான கைகள் உண்டு. ஒரு செவிலியரை மனநலப் பயிற்சிக்கு அனுப்பவும், அவர் ஒரு நோயாளியின் பக்கத்தில் அரைமணி நேரம் உட்கார்ந்திருக்கும்படி வார்டில் இன்னொருவரை நியமிக்கவும் கொடுப்பவர்கள் குறைவு. பெயர் பொறிக்க அதில் இடமில்லை. ஆனாலும் நடு இரவில் மூச்சுத் திணறி வரும் ஒரு தாய்க்கு, அந்த அரைமணி நேரத்தைத்தான் நீங்கள் கொடுக்கிறீர்கள்.

எங்கள் செவிலியர்களுக்காக ஜெபியுங்கள். நாள்தோறும் பிறர் நடுக்கத்தின் அருகில் உட்காருகிற அவர்கள் மனதுக்கும் இளைப்பாறுதல் வேண்டும். தங்கள் நோயை வெளியே சொல்லத் துணியாதவர்களுக்காக ஜெபியுங்கள். அவர்கள் சொல்லும் நாளில், கேட்க நாம் ஆயத்தமாய் இருப்போமாக.

கர்த்தர் உங்களையும் உங்கள் குடும்பங்களையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.