கடல்வழித் தொலைவைக் கணிக்கும் கலை

கரை மறைந்துவிட்ட கடலில் இரண்டு இடங்களுக்கு இடைப்பட்ட தூரத்தைச் சங்கிலி பிடித்து அளக்கவோ மைல்கல் பார்த்து அறியவோ வழியில்லை. ஆகவே அது கணக்கிட்டே அறியப்பட்டு வந்திருக்கிறது. அந்தக் கணக்குக்கு மூலப்பொருளாக மாலுமியிடம் இருப்பவை ஒவ்வோர் இடத்துக்கும் உரிய இரண்டு கோண அளவுகள் மட்டுமே. நிலநடுக்கோட்டுக்கு வடக்கிலோ தெற்கிலோ ஓர் இடம் எத்தனை பாகை தள்ளியிருக்கிறது என்பதைக் காட்டுவது அட்சரேகை. இங்கிலாந்தின் கிரீன்விச் வழியாகத் துருவத்துக்குத் துருவம் செல்லும் கோட்டிலிருந்து அது கிழக்கிலோ மேற்கிலோ எத்தனை பாகை விலகியிருக்கிறது என்பதைக் காட்டுவது தீர்க்கரேகை. இக்கோணங்களைத் தூரமாக மாற்றும் முறைகள் பல உண்டு. ஒவ்வொரு முறையும் பூமியின் வடிவம் இன்னது என்று ஒன்றை வைத்துக்கொண்டே தொடங்குகிறது, அந்த அளவுக்குப் பிழையையும் ஏற்றுக்கொள்கிறது. அப்பிழை எவ்வளவு என்பதை முன்கூட்டியே அறிந்து, வேலைக்குப் போதுமான முறையைத் தேர்ந்தெடுக்கும் பக்குவத்தில்தான் இக்கலையின் சிறப்பு இருக்கிறது.

அட்சரேகையின் கணக்கு எளியது. ஒரு பாகையை 60 நிமிடங்களாகப் பிரித்தால், அட்சத்தில் ஒரு நிமிட வேறுபாடு கடற்பரப்பில் பிடிக்கும் நீளமே ஒரு கடல் மைல்; 1929ஆம் ஆண்டு மொனாக்கோவில் கூடிய பன்னாட்டு மாநாடு அதனை 1852 மீட்டர் என வரையறுத்தது. கோணமும் நீளமும் இவ்வாறு ஒரே அலகில் இணைந்திருப்பதால், ஒரே தீர்க்கரேகையில் 3 பாகை 20 நிமிடம் வடக்கே சென்ற கப்பல் 200 கடல் மைல் கடந்திருக்கிறது என்று மனக்கணக்காகவே சொல்லிவிடலாம். தரையில் மைலை விட்டுக் கிலோமீட்டருக்கு மாறிய நாடுகள்கூடக் கடலிலும் வானிலும் இந்த அலகையே வைத்திருப்பதற்கு இந்த வசதியே காரணம்.

தீர்க்கரேகையில்தான் சிக்கல் தொடங்குகிறது. உலக உருண்டை ஒன்றைக் கையில் எடுத்துப் பார்ப்பவர்கள், தீர்க்கரேகைகள் நிலநடுக்கோட்டில் அகன்று நின்று, துருவங்களை நெருங்க நெருங்க ஒடுங்கி, அங்கே ஒரு புள்ளியில் கூடுவதைக் காணலாம். ஆகவே தீர்க்கத்தில் ஒரு நிமிடம் என்பது நிலநடுக்கோட்டில் ஏறத்தாழ ஒரு கடல் மைலாகவும், 60 பாகை அட்சத்தில் அரைக் கடல் மைலாகவும், துருவத்தில் ஒன்றுமில்லாததாகவும் ஆகிவிடுகிறது. இந்தச் சுருக்கத்தின் அளவைத் தருவது அட்சரேகைக் கோணத்தின் கொசைன் மதிப்பு.

சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்குச் செல்லும் கப்பலை எடுத்துக்கொள்ளலாம். சென்னை ஏறத்தாழ 13 பாகை 6 நிமிட வட அட்சத்திலும் 80 பாகை 18 நிமிடக் கிழக்குத் தீர்க்கத்திலும், போர்ட் பிளேர் 11 பாகை 40 நிமிட வட அட்சத்திலும் 92 பாகை 44 நிமிடக் கிழக்குத் தீர்க்கத்திலும் இருப்பதாகக் கொண்டால், அட்ச வேறுபாடு 86 நிமிடம், தீர்க்க வேறுபாடு 746 நிமிடம். இரண்டு அட்சங்களின் நடு அளவான 12 பாகை 23 நிமிடத்துக்குரிய கொசைன் மதிப்பாகிய 0.9767ஆல் 746ஐப் பெருக்கினால், கிழக்கு நோக்கிய நகர்வு சுமார் 729 கடல் மைல் என்று கிடைக்கும். பின்னர் 729ஐயும் 86ஐயும் செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்களாகக் கொண்டு பிதாகரஸ் தேற்றத்தின்படி கணக்கிட்டால் தூரம் சுமார் 734 கடல் மைல். இதற்கு நடு அட்ச முறை என்று பெயர். பூமியை உருண்டையாகக் கொண்டு முழுமையாகக் கணித்தாலும் இதே விடைதான் வருகிறது என்பதைக் காணும்போது, இந்தச் சிறிய முறையின் மீது பெரும் மதிப்பு உண்டாகிறது.

இவ்விரு கோணங்களைக் கடலில் அறிவதும் ஒரே அளவு எளிதாக இருந்ததில்லை. சோழமண்டலக் கரையின் மாலுமிகள் இராப்பலகை என்னும் சிறு பலகையை, முடிச்சிட்ட கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு கண்ணுக்கு நேரே பிடித்து, துருவ நட்சத்திரத்தின் உயரத்திலிருந்து அட்சத்தை அறிந்தார்கள். ஒவ்வொரு முடிச்சும் ஒரு துறைமுகத்தின் அட்சத்துக்கு உரியதாக இருந்தது. தீர்க்கத்துக்கு அத்தகைய நட்சத்திரம் எதுவும் இல்லை. பூமி ஒரு பாகை சுழல 4 நிமிட நேரம் ஆவதால், கிரீன்விச் நேரத்தைப் பிழையின்றிக் காட்டும் கடிகாரம் கையில் இருந்தால் தீர்க்கம் தெரியும். ஜான் ஹாரிசனின் கடிகாரம் 1761இல் ஜமைக்காவுக்குக் கிளம்பும் வரை ஆடும் கப்பலில் அது கைகூடவில்லை. கடிகாரம் ஒரு நிமிடம் தவறினால் சென்னையின் அட்சத்தில் கப்பலின் இடம் 14 கடல் மைலுக்கு மேல் தவறிப்போகும்.

நீண்ட பயணங்களில் மற்றொரு கேள்வி எழுகிறது. திசைகாட்டியில் ஒரே திசையைப் பிடித்துச் செல்லும் வழி, 1569இல் மெர்கேட்டர் வெளியிட்ட வரைபட முறையில் நேர்கோடாக விழுகிறது. ஆனால் அது குறுகிய வழி அன்று. பூமியின் மையத்தின் ஊடாக வெட்டினால் பரப்பில் கிடைக்கும் பெருவட்டத்தின் வில்லே குறுகிய வழி. ஜப்பானின் யோகோஹாமாவிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு ஒரே திசையில் சென்றால் சுமார் 4,720 கடல் மைல். பெருவட்டத்தில் சென்றால் ஏறத்தாழ 4,470. இந்த 250 கடல் மைல் மிச்சத்துக்கு ஈடாகக் கப்பல் 48 பாகை வட அட்சம் வரை ஏறி, குளிரையும் கடும் காற்றையும் சந்திக்க நேர்கிறது. அந்தப் பேரம் இலாபமா என்பதைப் பருவத்தையும் சரக்கையும் அறிந்த கப்பல் தலைவரே தீர்மானிக்க வேண்டும்.

பெருவட்டத் தூரத்தைக் கோள முக்கோணவியலின் கொசைன் விதி கொண்டு காணலாம். ஆனால் சிறு கோணங்களின் கொசைன் மதிப்பு ஒன்றை மிக நெருங்கி நிற்பதால், ஐந்து இலக்க அட்டவணையில் 10 கடல் மைல் தூரத்துக்குரிய மதிப்பும் 1 என்றே காட்டப்பட்டு, விடை சுழியமாகிவிடும். இந்தக் குறையை நீக்குவது ஹேவர்சைன் என்னும் அளவு. அது பாதிக் கோணத்தின் சைன் மதிப்பின் வர்க்கம். எப்போதும் சுழியத்துக்கும் ஒன்றுக்கும் இடையில் நிற்பதால் கூட்டல், கழித்தல் குறிகளில் தடுமாற்றம் வராது. சிறு தூரத்திலும் நுட்பம் கெடாது. அப்பெயரைப் பிரிட்டிஷ் மாலுமிகளுக்கான பாடநூலில் 1835இல் வழங்கியவர் ஜேம்ஸ் இன்மன். கணிப்பொறி நிரல்கள் இன்றும் இதே சூத்திரத்தைப் பயன்படுத்துகின்றன என்பது, கப்பல் அறையின் விளக்கொளியில் அட்டவணை புரட்டியவர்களுக்காக அது எவ்வளவு நேர்த்தியாக உருவாக்கப்பட்டது என்பதற்குச் சான்று.

இவை யாவும் பூமியைச் சரியான கோளமாகக் கொள்கின்றன. உண்மையில் அது துருவங்களில் சற்றே தட்டையானது. அட்சத்தின் ஒரு பாகை நிலநடுக்கோட்டருகே 110.6 கிலோமீட்டர், துருவத்தருகே 111.7 கிலோமீட்டர். இந்த வேறுபாட்டை அளந்த பணிகளில் ஒன்று, 1802இல் வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலையருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய நில அளவை. ஒரு பாகையின் நீளத்தை அறிவது அதன் முதன்மையான நோக்கங்களில் ஒன்று. கடல் பயணத்துக்கு நூற்றில் அரைப்பங்கு அளவிலான இப்பிழை பொருட்டன்று. எல்லை வகுப்போருக்கும் நில அளவையாளருக்கும் அது பெரும் பிழை. அவர்களுக்காகத் துருவங்களில் தட்டையான பூமியின் மேல் மில்லிமீட்டர் நுட்பத்துடன் தூரம் காணும் சூத்திரத்தைத் தேடியஸ் வின்சென்டி 1975இல் வெளியிட்டார்.

மெர்கேட்டர் வரைபடத்தில் கவராயம் கொண்டு தூரம் அளப்பவர், பக்க ஓரத்திலுள்ள அட்ச அளவுகோலில், அதிலும் கப்பல் இருக்கும் அட்சத்துக்கு நேரே வைத்துத்தான் அளக்க வேண்டும். மேல் ஓரத்துத் தீர்க்க அளவுகோலைத் தொடக் கூடாது. செயற்கைக்கோள் கருவி தூரத்தை நொடியில் சொல்லிவிடும் இக்காலத்திலும் பயிற்சி மாலுமிக்கு இந்த விதி கற்பிக்கப்படுவது முறையே, ஏனெனில் கருவி காட்டும் எண் நம்பத்தக்கதா என்று பார்க்க அது அவருக்கு உதவும். கருவி தரும் நேர்த்தூரம் கரையையும் மணல்திட்டையும் அறியாது என்பதையும் அவர் மறக்கலாகாது. சென்னைக்கும் தூத்துக்குடிக்கும் நேர்த்தூரம் 290 கடல் மைல் அளவே. ஆனால் இராமர் பாலத்தின் ஆழமற்ற நீரைப் பெரிய கப்பல் கடக்க இயலாததால் அது இலங்கையைச் சுற்றியே வரவேண்டும், தூரம் இருமடங்கையும் தாண்டும். அத்தகைய பயணத்தில் இலங்கையின் கிழக்குக் கரையிலும் தென்முனையிலும் திருப்புமுனைகளைக் குறித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் திசையையும் தூரத்தையும் தனித்தனியே கணித்துக் கூட்டிய தொகையைக் கொண்டுதான் எரிபொருளும் வந்துசேரும் நேரமும் முடிவு செய்யப்படுகின்றன.