முழங்காலுக்கு எத்தனை சதவீதம்?

தம்பி தங்கைகளே, நான் மேடைக்கு நொண்டிக்கொண்டே ஏறியதைப் பார்த்திருப்பீர்கள். பைக்கில் போன என்மேல் ஒரு கார் மோதியதன் மிச்சம் அது. நேரே கணக்குக்கு வருகிறேன், நாமெல்லாம் இன்ஜினியர்கள்தானே!

காயத்தால் போகும் வருமானத்துக்கு, மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயம் போடும் கணக்கு எளிது. ஆண்டு வருமானம், வயதுக்கான பெருக்கெண், இழந்த சம்பாதிக்கும் திறனின் சதவீதம், மூன்றையும் பெருக்கணும். பெருக்கெண்ணை 2009-ல் சரளா வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்துத் தந்தது; 31 முதல் 35 வயதுக்கு 16. இழுபறியெல்லாம் அந்தச் சதவீதத்தில்தான்.

எனக்கு அப்போது வயது 33, சம்பளம் 30,000. மருத்துவக் குழு காலுக்கு 30 சதவீத ஊனம் என்றது. இன்ஷூரன்ஸ்காரர், "முழு உடம்புக்குப் பார்த்தா பத்துதான் சார், வேலைக்கும் திரும்பிட்டீங்களே" என்றார். அதாவது 5,76,000 ரூபாய்.

வக்கீல் கேட்டது ஒரே கேள்வி: "தம்பி, சாரத்துல ஏற முடியுமா?"

நான் சைட் இன்ஜினியர். முடியாது என்றேன். டாக்டர் தரும் சதவீதமும் வருமான இழப்பும் ஒன்றல்ல, தொழிலைப் பார்க்கணும் என்று 2010-ல் ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. இடது கை போனால் டிரைவருக்குப் பிழைப்பே போச்சு, குமாஸ்தாவுக்கு அப்படியில்லை.

எங்கள் மேனேஜர் சாட்சிக் கூண்டேறி (பாவம், அவருக்குக் கோர்ட் என்றாலே நடுக்கம்), என்னை ஆபீசுக்கு மாற்றியதையும், அதனால் நின்றுபோன சைட் அலவன்சையும் சொன்னார். தீர்ப்பில் 25 சதவீதம். அதே கணக்கில் 14,40,000. ஆஸ்பத்திரிச் செலவும், பட்ட வலிக்கான தொகையும் தனி. இன்ஷூரன்ஸ்காரர் அப்பீல் போகவில்லை.