தானே சமைக்கத் தெரியாத உயிர்கள்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



எலி வைட்டமின் சி-யைத் தன் ஈரலிலேயே செய்துகொள்கிறது. நமக்கு முடியாது. அதற்கான கடைசி நொதியின் மரபணு நம்மிடம் பழுதாகிக் கிடக்கிறது. அதனால்தான் நெல்லிக்காயும் எலுமிச்சையும் வேண்டியிருக்கிறது. இப்படி, வளரத் தேவையான சத்தைத் தானே செய்துகொள்ள முடியாத உயிருக்கு 'ஆக்ஸோட்ரோப்' என்று பெயர்.

1941-இல் பீடில், டேட்டம் என்ற இரு அமெரிக்க விஞ்ஞானிகள் நியூரோஸ்போரா என்ற பூஞ்சைக்கு எக்ஸ் கதிர் காட்டினார்கள். சாதாரணமாக அது சர்க்கரை, உப்புகள், பயோட்டின் இருந்தாலே வளர்ந்துவிடும். கதிர் பட்டவற்றை ஒவ்வொன்றாகச் சோதித்தபோது, 299-ஆவது மட்டும் வைட்டமின் பி6 கொடுத்தால்தான் வளர்ந்தது. ஒரு மரபணு கெட்டால் ஒரு வேலை நிற்கிறது என்ற உண்மை இப்படித்தான் தெரியவந்தது. 1958-இல் நோபல் பரிசும் கிடைத்தது.

அது சரி, எஞ்சினியருக்கு இதில் என்ன வேலை என்கிறீர்களா? கோழித் தீவனத்தில் லைசின் சேர்க்கிறார்களே, அதை நுண்ணுயிரைக் கொண்டு செய்யத் தொடங்கியதே இந்தக் குறையை வைத்துத்தான். கொரினிபாக்டீரியம் என்ற நுண்ணுயிரில் லைசினும் திரியோனினும் ஒரே பாதையில் தொடங்குகின்றன. இரண்டும் சேர்ந்து நிறைந்தால் வாசலிலேயே பிரேக் விழும். 1950-களின் கடைசியில் ஜப்பானியர்கள், திரியோனினுக்கு முந்தைய பொருளான ஹோமோசெரினைச் செய்ய முடியாத வகையைப் பயன்படுத்தினார்கள். திரியோனின் உண்டாகாது, பிரேக் விழாது, லைசின் வெளியே கொட்டும். ஆனால் அது பிழைக்க வேண்டிய திரியோனினையும் மெத்தியோனினையும் நாம்தான் அளந்து போட வேண்டும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் ஒரு தொட்டியைக் கெடுத்திருக்கிறேன். வளர்ச்சி மந்தமாக இருக்கிறதே, பாவம் என்று சத்தைத் தாராளமாக விட்டுவிட்டேன். செல்கள் மளமளவென்று பெருகின. லைசின் பாதிகூட வரவில்லை. நான் போட்ட திரியோனினே பிரேக்கை மிதித்துவிட்டது! ஷிப்ட் பொறுப்பாளர் திட்டவில்லை. "தம்பி, அதுக்குப் பசி இருக்கணும், ஆனா சாகக் கூடாது. அந்த அளவைப் பிடிக்கிறதுதான் நம்ம வேலை" என்றார்.

இன்னொன்றும் உண்டு. வெவ்வேறு குறையுள்ள இரண்டு வகைகளை ஒரே குடுவையில் விட்டால், சில சமயம் ஒன்று கசியவிடுவதை மற்றது எடுத்துக்கொண்டு இரண்டுமே வளரும். எனக்குத் தெர்மோ வராது. அறைத்தோழனுக்கு டிராயிங் வராது. ஹாஸ்டலில் இரண்டு பேரும் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்தோம். இரண்டு பேருமே பாஸ்! தம்பி தங்கைகளே, எது வரவில்லையோ அதைப் பக்கத்து அறையில் போய்க் கேளுங்கள். வெட்கப்படாதீர்கள்.