கலங்கிய தண்ணீருக்கு என்ன நிறம்?



பிள்ளைகளோடு தூண்டில் போடப் போகிறவர்கள் பலர் கேட்பது: எந்த நிறப் போலி இரை வாங்குவது?

எங்கள் பக்குரங்காவை ஒட்டிய டாமகி ஆற்றில் வற்றுப்பெருக்கோடு சேறு கலங்கும். கலங்கல் நீரில் மீன் அதிர்வையே முதலில் உணரும். அங்கே சுழலும் ஸ்பின்னர், பளிச்சென்ற தேசிக்காய் மஞ்சள் நல்லது. தெளிந்த நீரில் வெள்ளி நிறம். கஹவாய் விரட்டித் தின்னும் சிறுமீன்களின் நிறம் அதுதான். சிவப்புக்கென்று தனியாகச் செலவழிக்க வேண்டாம். தண்ணீர் சிவப்பு ஒளியை முதலில் உறிஞ்சிவிடும். ஆழத்தில் அது கருமையாகத்தான் தெரியும்.

கணக்காளனாகச் சொல்கிறேன், இந்த இரண்டு நிறமும் போதும். மிச்சக் காசில் ஓர் அளவுகோல் வாங்குங்கள். 2014 ஏப்ரல் முதல் ஒக்லாந்தின் கிழக்குப் பக்கக் கடலில் 30 சென்ரிமீற்றருக்குக் குறைந்த ஸ்னப்பரைத் திரும்ப விடவேண்டும். ஒருவருக்கு நாளுக்கு 7 மட்டுமே. மீறினால் தண்டம்; தெரியாது என்றால் விடமாட்டார்கள்.

ஊரில் யுத்த காலத்தில் பாஸ் எடுத்துக் கடலுக்குப் போனவர்கள் எங்களிடையே இருக்கிறார்கள். 'இங்கேயும் தடையா?' என்று அவர்கள் கேட்பது நியாயம். அந்தத் தடை எங்கள் உலையை அணைத்தது. இந்த அளவு, எங்கள் பேரப்பிள்ளைகளுக்கும் மீன் மிஞ்சவேண்டும் என்பதற்காக.