மிதித்தால் நிற்கிற வண்டி

கரும்பு வெட்டு நாட்களில் அனந்தபுரத்துப் பக்கம் கார் ஓட்டியவர்களுக்குத் தெரியும். முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலைக்குப் போகிற டிராக்டர் ஒன்று முன்னால் மாட்டிக்கொண்டால் முந்திப் போக வழி கிடைப்பது அரிது. ஒருநாள் கிடைத்தது. ஆக்சிலேட்டரை மிதித்தேன். என் பழைய அம்பாசிடர் ஒரு தும்மல்கூடப் போடாமல் அணைந்துவிட்டது. எதிரே பஸ். எப்படியோ டிராக்டருக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன். காலை எடுத்ததும், ஓடுகிற வேகத்திலேயே எஞ்சின் மறுபடி பிடித்துக்கொண்டது. மெதுவாகப் போனால் ஒரு குறையும் இல்லை, மிதித்தால் மட்டும் நின்றுவிடும்.

நேயர்களே, இந்த நோயைக் கண்டுபிடிக்கிற வித்தையைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

1958 முதல் 2014 வரை மேற்கு வங்காளத்து உத்தர்பாராவில் செய்த வண்டி அம்பாசிடர். பழைய பெட்ரோல் எஞ்சின் 1489 சி.சி. அதில் கம்ப்யூட்டர் கிடையாது, கோளாறு வந்தால் விளக்கு எரிந்து சொல்லாது. ஆகவே மெக்கானிக்குகள் ஊகித்தார்கள். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார்கள். பெட்ரோல் பம்ப் மாறியது, காயில் மாறியது, பிளக் நாலும் மாறின. உதிரிபாகக் கடைக்காரர் என்னிடம் வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று விசாரிக்கிற அளவுக்கு நெருங்கிவிட்டார். வண்டி மட்டும் பழையபடியே நின்றது.

கடைசியில் அனந்தபுரத்தில் வேப்பமரத்தடியில் பட்டறை வைத்திருந்த ஒருவரிடம் போனேன். அவர் பானெட்டைத் திறக்கவே இல்லை. பீடியை அணைத்துவிட்டுக் கேட்டார்: "நிக்கும்போது இழுத்து இழுத்து நிக்குதா சார், இல்ல சாவிய திருப்பி ஆஃப் பண்ண மாதிரி நிக்குதா?"

இந்த ஒரு கேள்வியில் பாதி வைத்தியம் முடிந்துவிடுகிறது. பெட்ரோல் போதவில்லை என்றால் எஞ்சின் உடனே சாகாது. கார்புரேட்டர் கிண்ணத்தில் கொஞ்சம் மிச்சம் இருக்கும். அது குறையக் குறைய வண்டி குலுங்கும், இழுவை போகும், பிறகுதான் அடங்கும். மின்பொறி அறுந்தால் அப்படி இல்லை. வெட்டினாற்போல நிற்கும்.

அடுத்த கேள்வி, "வெடிச் சத்தம் முன்னால வருதா, சைலன்சர்லயா?" காற்று மிகுந்து பெட்ரோல் குறைந்த கலவை மெதுவாக எரிந்து, கார்புரேட்டர் வழியாகத் திருப்பித் துப்பும். பொறி விட்டுவிட்டு வந்தால், எரியாத பெட்ரோல் சைலன்சரில் போய்த் தேங்கி, அங்கே படாரென்று வெடிக்கும். நான் சைலன்சரில்தான் கேட்டிருந்தேன். ஆனால் அதுவரை அதை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

சோக்கைப் பாதி இழுத்து ஓட்டிப் பார்த்தீர்களா என்றார். பெட்ரோல் பஞ்சமாக இருந்தால் சோக் இழுத்ததும் வண்டி கொஞ்சம் தேறும். டேங்க் மூடியைத் தளர்த்திப் பார்த்தீர்களா என்றார். டேங்க் மூச்சு விடும் துளை அடைத்துக்கொண்டால் உள்ளே வெற்றிடம் உண்டாகி பெட்ரோல் வராமல் போகும். மூடியைத் திறந்தால் உஸ்ஸென்று காற்று உள்ளே போகும். இரண்டும் செய்து பார்த்தோம், எதிலும் மாற்றமில்லை.

பிறகு அவர் செய்ததைத்தான் நான் கலை என்று சொல்கிறேன். எஞ்சினை ஸ்லோவில் ஓடவிட்டார். கார்புரேட்டரிலிருந்து டிஸ்டிரிபியூட்டருக்குப் போகிற மெல்லிய குழாயைக் கார்புரேட்டர் முனையில் கழற்றி, வாயில் வைத்து உறிஞ்சினார். எஞ்சின் பொட்டென்று நின்றது. மறுபடி ஸ்டார்ட் செய்யச் சொன்னார், மறுபடி உறிஞ்சினார், மறுபடி நின்றது.

டிஸ்டிரிபியூட்டருக்குள், பொறி உண்டாவதற்காக மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கிற பாயிண்ட் உட்கார்ந்திருக்கிற தட்டு ஒரே இடத்தில் நிற்பதில்லை. ஆக்சிலேட்டரை மிதிக்கும்போதும் விடும்போதும் அந்தக் குழாய் வழியாக எஞ்சின் உறிஞ்சுகிற அளவுக்கு ஏற்ப அது கொஞ்சம் திரும்பும். பொறி விழுகிற நேரம் அதனால் முன்பின்னாகும். அந்தத் தட்டோடு சேர்ந்து பாயிண்ட்டுக்கு வருகிற சின்ன ஒயரும் ஒவ்வொரு முறையும் வளைந்து நிமிர வேண்டும். வருடக்கணக்கில் வளைந்ததில் உள்ளே செம்புக் கம்பி அறுந்துவிட்டது; மேல்தோல் மட்டும் முழுசாக இருந்தது. தட்டு அசையாதபோது அறுந்த முனைகள் தொட்டுக்கொண்டிருந்தன. அசைந்ததும் பிரிந்தன. எத்தனை காயில் மாற்றினால் என்ன?

நோயாளி அமைதியாக இருக்கும்போது நாடி பார்த்துப் பயனில்லை. கோளாறை வரவழைக்க வேண்டும். பட்டறையில் நிற்கிற வண்டிக்கு சாலையில் ஓடுகிற பிரமையை உண்டாக்கி, அதுவும் ஒரே ஒரு பாகத்துக்கு மட்டும் உண்டாக்கி, விளைவைப் பார்ப்பது பெரிய மூளை வேலை. நல்ல மெக்கானிக்கை நான் அளப்பது இதை வைத்துத்தான், அவர் எத்தனை பாகம் மாற்றினார் என்பதை வைத்து அல்ல.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். இந்த வித்தைக்காரர்கள் எதையும் எழுதி வைப்பதில்லை. பாயிண்ட் இடைவெளி 0.4 மில்லிமீட்டர் அளவில் இருக்க வேண்டும். என் மெக்கானிக் இடைவெளி அளக்கிற ஃபீலர் கேஜை ஒதுக்கிவிட்டு ஒரு விசிட்டிங் கார்டைச் செருகிப் பார்த்தார். சரியாகத்தான் இருந்தது, ஆனால் எல்லாக் கார்டும் ஒரே தடிமனா? கோடையில் பெட்ரோல் பம்ப் சூடாகிக் குழாயில் ஆவி அடைத்துக்கொண்டால் ஈரத்துணி சுற்றுவது நம் டிரைவர்களின் பழைய கைவைத்தியம். அது வேலை செய்யும். அது வேலை செய்வதாலேயே, பம்ப்பில் டயஃப்ரம் கிழிந்திருப்பதைப் பலர் பார்க்காமல் விட்டார்கள்.

இப்போது புது வேலை ஒன்றும் சேர்ந்திருக்கிறது. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்தான் இன்று நாடெங்கும் பரவலாகக் கிடைக்கிறது. எத்தனால் பழைய ரப்பர் குழாயையும் டயஃப்ரத்தையும் ஊறவைத்துக் கெடுக்கும், ஈரத்தை இழுக்கும், டேங்க் அடியில் பல வருடமாகப் படிந்த கசடைக் கரைத்து ஃபில்டருக்கு அனுப்பும். எனவே பழைய வண்டி இன்று மிதித்ததும் திணறினால், முதல் சந்தேகம் பெட்ரோல் பக்கம் போவது நியாயமே. புது வண்டியில் ஸ்கேனரை மாட்டினால் கோட் வரும். ஆனால் தொட்டும் தொடாமலும் இருக்கிற ஒயர் பல நேரம் கோட் எதுவும் காட்டாது; அங்கேயும் யாராவது ஒயரை ஆட்டித்தான் பார்க்க வேண்டும்.

என் வண்டிக்குத் தடித்த ஒயர் போட அவர் மறுத்தார். "அது வளையாது சார், பத்து நாள்ல அறுந்துபோவும்" என்று சொல்லி, நூல்நூலாகக் கம்பி உள்ள மெல்லிய ஒயர் ஒன்றைத் தேடி எடுத்துப் பற்றவைத்தார். வேலை முடிந்ததும் மூடவில்லை. பக்கத்தில் ஸ்பேனர் பிடித்திருந்த பையனைக் கூப்பிட்டு, "நீ இழுத்துப் பாருடா" என்றார். பையன் குழாயை வாயில் வைத்து உறிஞ்சினான், பெட்ரோல் வாடைக்கு முகத்தைச் சுளித்தான். எஞ்சின் நிற்கவில்லை, சத்தம் மட்டும் லேசாக ஏறியது. "என்ன மாறிச்சு?" என்று அவர் கேட்டார். பையன் மறுபடி குழாயை வாயில் வைத்துக்கொண்டு, எஞ்சின் பக்கம் காதைச் சாய்த்தான்.