பிரேக் டிரம்மில் எண்ணெய்

பழைய மாஸி பெர்குசன் 35 டிராக்டர் வைத்திருப்பவர்கள் இன்று பின்சக்கரத்தின் உள்பக்கம் கொஞ்சம் குனிந்து பாருங்கள். டிரம்மின் அடியில் எண்ணெய் வழிந்து, கறுப்பாக மண் அப்பியிருந்தால், ஆக்சில் ஆயில் சீல் போய்விட்டது என்றே சந்தேகப்பட வேண்டும். அந்த எண்ணெய் பிரேக் லைனிங்கில் ஏறினால் ஒரு சக்கரம் பிடிக்கும், மற்றது வழுக்கும். நெல் மூட்டையோடு டிரெய்லர் இழுத்து வரும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும்; கவிழவும் கூடும்.

வண்டியைத் தூக்கினால் ஜாக்கியை மட்டும் நம்பாதீர்கள், கனமான கட்டை கொடுங்கள். சீலைக் கழற்றியதும், அதன் உதடு உரசி ஓடும் இடத்தை நகத்தால் தடவுங்கள். நகம் சிக்கும் அளவுக்குப் பள்ளம் இருந்தால் புது சீலும் சீக்கிரமே ஒழுகும். புது சீலை மாட்டும்போது, அதில் சின்ன ஸ்பிரிங் தெரிகிற பக்கம் எண்ணெயைப் பார்த்தே இருக்க வேண்டும். காற்று வெளியேறும் பிரீதர் துளை அடைத்திருந்தாலும் உள்ளே அழுத்தம் கூடி எண்ணெய் கசியும்.

எண்ணெய் குடித்த லைனிங்கைச் சிலர் தீயில் வாட்டி, பெட்ரோலில் கழுவி மறுபடி மாட்டுகிறார்கள். வேண்டவே வேண்டாம். பிரேக் சூடானதும் ஊறியதெல்லாம் வெளியே வரும். இரண்டு பக்கமும் புதிதாகப் போடுங்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

பிறகு இரண்டு பிரேக் பெடலும் ஒரே அளவில் பிடிக்கும்படி அட்ஜஸ்ட் செய்து, காலி நிலத்தில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். ரோட்டில் ஏறுமுன் பெடல்களைக் கொக்கியால் இணைத்துவிடுங்கள்.