செஞ்சோற்றுக் கடனும் துப்பாக்கியைத் தாழ்த்தியவர்களும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



நம் குடியிருப்பில் படைத்துறையோடு தொடர்பில்லாத குடும்பங்கள் சிலவே. ஒரு வீட்டில் பிள்ளை எல்லையில் நிற்கின்றான். இன்னொரு வீட்டில் பெரியவர் படைத்துறைக் கணக்கு அலுவலகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றிருக்கின்றார். ஆதலின், மேலதிகாரியின் கட்டளை எதுவரை செல்லும், எவ்விடத்தில் வீரனின் மனச்சான்று குறுக்கே நிற்கவேண்டும் என்னும் வினா நமக்கு அயலார் வினா அன்று.

கம்பனைக் கற்றோர் இவ்வினாவை முன்பே அறிவர். அண்ணன் செய்தது அறமன்று எனத் தெளிந்தவர் இருவர். வீடணன் நீங்கினான். கும்பகருணனோ இடித்துரைத்தும் பயன் காணாது, உண்ட சோற்றை எண்ணிக் களம் புகுந்து மாண்டான். இருவருள் எவன் பெரியன் எனப் பட்டிமன்றங்களில் இன்றும் வழக்காடுகின்றோம். வடநாட்டாரும் இதனையே உப்பின்மேல் வைத்து ‘நமக் ஹலால்’ என்பர். தின்ற உப்புக்கு உண்மையாய் இருத்தல் என்பது அதன் கருத்து. சிப்பாய்களைப் பல தலைமுறை கட்டிப்போட்ட சொல் அது.

1919 ஏப்ரல் 13 அன்று அமிர்தசரசின் ஜாலியன்வாலா பாகில் அக்கட்டு அறுபடவில்லை. டயர் ஆணையிட்டான், ஐம்பது வீரர் சுட்டனர், 1,650 குண்டுகள் செலவாயின. அரசின் கணக்கே 379 பேர் மாண்டனர் என்றது. சுட்டவர்களுள் இந்நாட்டு மக்களும் இருந்தனர் என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகின்றோம். டயரின் பெயர் மட்டுமே நம் நாவில் நிற்கின்றது.

பதினோராண்டு கழிந்தது. 1930 ஏப்ரல் மாதம், உப்புச் சத்தியாக்கிரகத்தின் காலம். இராஜாஜியின் தலைமையில் தொண்டர்கள் திருச்சியிலிருந்து வேதாரணியத்தை நோக்கி நடந்துகொண்டிருந்த அதே நாட்களில், பெஷாவரில் ஏப்ரல் 23 அன்று தலைவர்கள் சிறைப்படுத்தப்பட்டனர். கான் அப்துல் கபார் கானும் அன்றே கைதானார். கிஸ்ஸா கானி கடைவீதியில் மக்கள் திரண்டனர். கவச வண்டிகள் கூட்டத்துள் பாய்ந்தன. துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது. மாண்டோர் தொகையில் அரசும் காங்கிரசாரும் இன்றுவரை ஒத்துப்போகாத கணக்குகளை விட்டுச்சென்றனர்.

அங்கே கார்வால் துப்பாக்கிப் படையின் ஒரு பிரிவும் நிறுத்தப்பட்டிருந்தது. கூட்டத்தினர் முஸ்லிம் பட்டாணியர். வீரர்கள் இமயமலைச் சாரலின் இந்துக்கள். சமயத்தின் வேற்றுமை விசையை இழுக்க உதவும் என ஆட்சியினர் எண்ணினர் போலும். சுடுமாறு ஆணை பிறந்தது. ஹவில்தார் சந்திரசிங் கார்வாலி சுடுவதை நிறுத்துமாறு தம் தோழரை நோக்கிக் குரல் கொடுத்தார். துப்பாக்கிகள் தாழ்ந்தன. ஆயுதமற்ற மக்களைச் சுடமாட்டோம் என்பதே அவர்கள் கூறிய காரணம். அதன்பின் சில நாட்கள் அந்நகரம் ஆட்சியின் கையை விட்டே அகன்றிருந்தது.

இவ்விடத்தில் நாம் சற்று நின்று நோக்கவேண்டும். அவர்கள் அதிகாரிகள்மேல் துப்பாக்கியைத் திருப்பவில்லை, ஓடி ஒளியவுமில்லை. ஆயுதத்தை ஒப்படைத்துவிட்டுத் தண்டனையை எதிர்நோக்கி நின்றனர். வீடணனைப்போல் மறுத்து, கும்பகருணனைப்போல் அவ்விடத்திலேயே நின்றனர் என்று சொல்லத் தோன்றுகின்றது. படைநீதிமன்றத்தில் முகுந்திலால் என்னும் வழக்கறிஞர் அவர்களுக்காக வாதாடினார். தூக்குமேடை தவிர்ந்தது, சந்திரசிங்குக்கு ஆயுள் தண்டனையும், தோழர் பலர்க்கு ஆண்டுக்கணக்கில் சிறையும் கிடைத்தன.

இதனினும் கசப்பான செய்தி ஒன்றுண்டு. 1931 மார்ச்சில் காந்தி–இர்வின் உடன்படிக்கை ஏற்பட்டு, சத்தியாக்கிரகக் கைதிகள் விடுதலை பெற்றனர். ஆனால் கட்டளையை மீறியதற்காகத் தண்டிக்கப்பட்ட படைவீரர்க்கும் காவலர்க்கும் இம்மன்னிப்பு இல்லை என்று அதில் எழுதப்பட்டிருந்தது. அகிம்சையை ஆயுதத்தோடு கடைப்பிடித்தவர்களை அகிம்சையின் உடன்படிக்கை வாயிலுக்கு வெளியே நிறுத்திவிட்டது.

அண்ணல் காந்தியடிகள் பிரெஞ்சு இதழாளர் ஒருவரிடம் இதற்குக் காரணம் கூறினார். 1932இல் அது வெளிவந்தது. சுட மறுக்கும் வீரன் தான் செய்த உறுதிமொழியை மீறுகின்றான். நாளை ஆட்சி நம் கைக்கு வந்தால் இதே வீரரைக் கொண்டே நாமும் ஆளவேண்டியிருக்கும். இன்று மறுக்கக் கற்பித்தால் அன்றும் மறுப்பார்களே என்பது அவர் கருத்து. இதனை எளிதில் தள்ளிவிட நாம் துணியோம். ஒவ்வொரு வீரனும் ஒவ்வொரு கட்டளையையும் எடைபோடத் தொடங்கினால் படை இல்லை. நாட்டின் எல்லையும் இல்லை.

எனினும் அண்ணலின் கூற்றை இவ்வொன்றில் நாம் ஏற்கமாட்டோம். வீரன் உறுதிமொழி கொடுப்பது போரிடுவதற்கு. கடைவீதியில் வெறுங்கையோடு நிற்பவனைக் கொல்வதற்கு அன்று. உப்பு என்றால் அந்த உப்பை விளைத்தவனும் வரி கொடுத்தவனும் அந்தக் கூட்டத்தில்தான் நின்றான்.

உலகச் சட்டமும் பின்னர் இப்பக்கம் சாய்ந்தது. மேலதிகாரியின் ஆணைப்படி செய்தேன் என்பது மட்டும் குற்றத்திலிருந்து ஒருவனை விடுவியாது, வேறு வழியைத் தேர ஒழுக்கநெறிப்படி அவனுக்கு இயன்றிருந்தால், என நூரம்பர்க் தீர்ப்பையொட்டி 1950இல் வகுத்தனர். அதே 1950இல் நம் நாட்டில் இயற்றப்பட்ட படைச்சட்டத்தின் 41ஆம் பிரிவும், மீறினால் தண்டனைக்குரியது ‘சட்டப்படியான’ கட்டளையே என்கின்றது. அந்த ஒரு சொல்லில் எவ்வளவு பாரம்! சட்டப்படியானதா அன்றா என அரைநொடியில் துணிபவன் இருபது வயதுப் பிள்ளை. தவறாகத் துணிந்தால் பதினான்கு ஆண்டு வரை சிறை.

1968 மார்ச் 16 அன்று வியட்நாமின் மைலாய் சிற்றூரில் அமெரிக்க வீரர் ஊராரைக் கொன்று குவித்தபோது, ஹியூ தாம்சன் என்னும் அமெரிக்க விமானி தம் ஹெலிகாப்டரைத் தம் படையினருக்கும் ஊராருக்கும் இடையே இறக்கிச் சிலரைக் காத்தார். நாடு திரும்பியபின் பலரின் வெறுப்புக்கு ஆளானார். பதக்கம் வந்தது 1998இல். சந்திரசிங் விடுதலையானது 1941இல். அவர் மறைந்தது 1979இல். அவர் உருவம் பொறித்த அஞ்சல் தலை வெளிவந்தது 1994இல்.

நம் குடியிருப்பிலேயே கார்வால் நாட்டுக் குடும்பங்கள் பல உள. பண்டிகை நாளில் பலகாரத் தட்டு மாற்றிக்கொள்கின்றோம். இக்கதையை அவர்களிடம் கேட்டதில்லை. அடுத்த ஆண்டு விழாவிற்கு அவர்களுள் முதியவர் ஒருவரை இம்மேடைக்கு அழைக்குமாறு செயலாளரைக் கேட்டுக்கொண்டு அமைகின்றோம்.